இல்லாத கரையிலிருந்து ஐந்து மைல்

திங்கட்கிழமை, முற்பகல்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். 'அனைவரும்' என்ற சொல் என்னையும் தங்கள் தங்கையையும் தனித்தனியே குறிக்குமேயன்றிச் சேர்த்துக் குறிக்காது; நாங்கள் சேர்ந்து நலமாக இருந்து இன்றோடு பத்தொன்பது நாள்கள் ஆகின்றன. தங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதே முறை. ஆனால் தங்கள் நலம் எந்நிலையில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். துறைமுக அலுவலகத்தின் பின்புறத்தில், இரட்டைக் கயிற்றால் தூணில் கட்டப்பட்டு, இயந்திர அறைக் கதவில் அரக்கு முத்திரையோடு அது மிதந்துகொண்டிருப்பதை நேற்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படகின் அடிப்பலகையில் பாசி ஏறத் தொடங்கியிருக்கிறது.

மேலே செல்லுமுன் ஒரு முன்னுரை. இக்கடிதத்தில் கூறப்படும் எதுவும் என் நிலைப்பாட்டிற்குப் பாதகமின்றிக் கூறப்படுகிறது. நான் வருத்தம் தெரிவிக்கும் இடங்களில் அது வருத்தமாக மட்டுமே கொள்ளப்பட வேண்டும். ஒப்புதலாகக் கொள்ளப்படக் கூடாது. இது ஏழாவது வரைவு. முதல் ஆறிலும் வருத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தமையால் கிழித்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் பொருள் தவறும். பத்தொன்பது நாள்களுக்கு முன், நான் காலைச் செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் இருந்தபோது தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். "மாப்ளே, என்னைப் பிடிச்சுட்டாங்க" என்றீர்கள். எந்த இடத்தில் என்று கேட்டேன். "அதைத்தான் நானும் இவங்ககிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள். விசைப்படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்கு உள்ளே வலை போடக் கூடாது, அந்தப் பட்டை சிறுபடகுகளுக்கு உரியது என்பது சட்டம். தங்கள் படகிலிருந்த கருவியோ கரையிலிருந்து ஆறரை மைல் என்று காட்டியது. ரோந்துப் படகின் அதிகாரி தம் கருவியைப் பார்த்தார். அதுவும் ஆறரை என்றது. இரண்டு கருவிகளும் ஒத்துப்போன பிறகு அவர் பையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து விரித்து, அளவுகோலை வைத்து, "நாலரை மைல். எல்லை மீறல்" என்றாராம். "எந்தக் கரையிலிருந்து? கையைக் காட்டுங்க பார்ப்போம்" என்று தாங்கள் கேட்க, அவர் முதலில் கடலைக் காட்டி, அங்கே எதுவும் இல்லை என்பதை அவரே பார்த்து, பிறகு வரைபடத்தைக் காட்டியிருக்கிறார். நேர்மையான மனிதர். நானாக இருந்தாலும் வரைபடத்தைத்தான் காட்டியிருப்பேன், கடலைக் காட்டியிருக்கமாட்டேன்.

அவர் காட்டிய அந்தக் கரை ஒரு மணல்திட்டு. ஊரிலிருந்து இரண்டு மைல் தொலைவில், நீர் நன்றாக வற்றும்போது மட்டும் எருமை முதுகைப் போல வெளியே தெரியும். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் சட்டம் இயற்றப்பட்டபோது அது இருந்தது; அன்றைய வரைபடத்தில் அது புள்ளியிட்ட முட்டையாக வரையப்பட்டிருக்கிறது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு புயல் அதைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு வெளியான வரைபடத்தில் முட்டை இல்லை. ஆயினும் சட்டம், "கரை" என்பது "இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாளன்று உள்ள அரசு வரைபடத்தில் காட்டப்பட்ட தாழ்நீர்க் கோடு" என்று சொல்கிறது. நீர் மிகவும் வற்றுகையில் தரை தெரியும் கோடு, அதுவும் அன்றைய தாளில் உள்ளபடி. ஆகவே மணல் போனாலும் கரை போகவில்லை. தாங்கள் ஊரிலிருந்து ஆறரை மைலும், மணல் இல்லாத கரையிலிருந்து நாலரை மைலும் தள்ளி, ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்திருக்கிறீர்கள். சட்டப்படி இதில் முரண் எதுவும் இல்லை.

இதை நான் தங்கள் தங்கைக்கு விளக்கினேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். கேட்டபின், "அந்தச் சட்டத்தை எழுதினது யாரு?" என்றாள். சட்டத்தை இயற்றியது சட்டமன்றம். ஒப்புதல் அளித்தது ஆளுநர். அச்சிட்டது அரசு அச்சகம். வாசகத்தை வரைந்தது மட்டுமே சட்ட வரைவுப் பிரிவு, அதில் அக்காலத்தில் பணியாற்றியவர்களுள் நானும் ஒருவன் என்று பதிலளித்தேன். "இல்லாத மணலுக்காக எங்க அண்ணன் படகைக் கட்டி வெச்சிருக்கீங்க" என்றாள். 'கட்டி வைத்திருக்கிறார்கள்' என்பதே சரி, நான் கட்டவில்லை என்று திருத்தினேன். அந்தத் திருத்தம் தேவையற்றது என்பதை இப்போது உணர்கிறேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை.

எங்கள் தகவல்தொடர்பு தற்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் நடைபெறுகிறது. "பால் இல்லை." "குழாய்க்காரர் நாலு மணி." "அண்ணனுக்கு இன்னும் எட்டு நாள்." எழுவாயோ பயனிலையோ இல்லாவிட்டாலும் பொருளில் ஐயம் எழ வழியே இல்லாத வாசகங்கள், முப்பத்தோர் ஆண்டுப் பணியில் இவ்வளவு செறிவாக நான் எழுதியதில்லை. சமையலறை வாசலில் ஒரு முக்காலியைப் போட்டிருக்கிறாள். என் தட்டு அதன்மேல் வைக்கப்படும். நான் எடுத்துக்கொள்ள வேண்டும். முக்காலிக்கு அப்பால் எனக்கு நுழைவு இல்லை. முதல் வாரம் அது நிலைப்படியில் இருந்தது. இரண்டாம் வாரம் அரை அடி கூடத்துக்குள் வந்தது. இன்று காலை நாற்காலியில் உட்கார்ந்தால் என் முழங்கால் அதில் இடிக்கிறது. எல்லையை எதிலிருந்து அளப்பது, நிலைப்படியிலிருந்தா முக்காலியிலிருந்தா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. எனக்கும் வயதாகிவிட்டது.

நான் எதுவுமே செய்யவில்லை என்று தாங்கள் உறவினர்களிடம் சொல்லிவருவதாக அறிகிறேன். அது உண்மைக்குப் புறம்பானது. நான் செய்தவை பயன் தரவில்லை என்பதே சரியான கூற்று. முதலில் என் பழைய பிரிவுக்குப் போனேன். என்னிடம் பயின்ற இளையவர்தான் இப்போது அங்கே தலைவர். எழுந்து நின்று வரவேற்றார். என் பழைய மேசையில் இப்போது தேநீர் இயந்திரம் இருக்கிறது. வரையறையில் ஒரு திருத்தம் வேண்டும் என்றதும் அவர் முகம், கோயில் சிலையின் மூக்கை மாற்றச் சொன்னதுபோல ஆயிற்று. "ஐயா, அது உங்க வாசகம் ஐயா. புதுசா சேர்றவங்களுக்கு அதைத்தான் முதல் நாள் பாடமா நடத்துறோம். ஒரு ஓட்டை கிடையாது. நாங்களே தேடிப் பார்த்துட்டோம்" என்றார். பெருமையாக இருந்தது. அதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பெருமையாக இருந்தது; இரண்டு நிமிடம். பிறகு தங்கள் படகு நினைவுக்கு வந்தது.

புதிய வரைபடத்தை ஏற்றுக்கொண்டால் போதுமே என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். விசைப்படகுக்கான ஐந்து மைல் மட்டுமல்ல, நாட்டுக்கே உரிய பன்னிரண்டு மைலும், அதற்கப்பால் அயல்நாட்டுப் படகுகள் மீன்பிடிக்கக் கூடாத இருநூறு மைலும் இதே கரையிலிருந்து, அதாவது இதே மணலிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. "மணல் இல்லைன்னு நாம ஒரு தாள்ல எழுதினோம்னா, அந்தப் பக்கமா நம்ம கடல் ரெண்டு மைல் சுருங்கிடும். அண்டை நாட்டுக்காரன் மறுநாளே வலையோட வந்து நிப்பான். உங்க மச்சான் படகுக்காக நாட்டைச் சின்னதாக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க ஐயா." எழுந்து விடைபெற்றேன். அதற்கு எதிரான வாதம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை என்பதல்ல. அவருடைய வாதத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

அதன்பிறகு, இல்லாததை இல்லையென்று என் கண்ணால் பார்த்துவிட்டால் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன். கடல்சார் சட்டங்கள் பதினான்கை வரைந்தவன் நான். கடலில் இறங்கியது கிடையாது. தங்கள் பழைய கூட்டாளி, எல்லாரும் நங்கூரம் என்று கூப்பிடுவாரே, அவருடைய துடுப்புப் படகில் நீர் மிகவும் வற்றும் வேளை பார்த்துப் புறப்பட்டோம். பழைய வரைபடத்தை மடியில் விரித்து வைத்திருந்தேன். முதல் அலையிலேயே நனைந்தது. இரண்டாவது அலையில் என் காலை உணவு வெளியேறியது. பிறகு வெளியேற எதுவும் இல்லாதபோதும் முயற்சி தொடர்ந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து நங்கூரம் துடுப்பை உள்ளே இழுத்து வைத்தார். நான்கு பக்கமும் தண்ணீர். "சார், கரை வந்தாச்சு. இறங்குறீங்களா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. கழியை விட்டுப் பார்த்தோம். முழுக்கழியும் போய் அவர் கையும் முழங்கை வரை போயிற்று, தரை தட்டவில்லை. என் வரைபடத்தை எட்டிப் பார்த்தார். "இதுல தெளிவா இருக்கு சார். இங்கதான் நாம நிக்கிறோம். காஞ்ச மணல்ல" என்றார்.

இந்த நிலையில்தான் பிரிவுத் தலைவரே ஒரு வழியை எழுதி அனுப்பினார். சட்டத்தில் பிழைதிருத்தப் பிரிவு ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு வாசகம் கவனக்குறைவால் பிழைபட்டது என்று அதை வரைந்தவரே, உயிரோடிருந்தால், நேரில் வந்து பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுத்தால், விசாரணை அதிகாரி அந்த ஓர் இடத்தில் மட்டும், வரைந்தவர் எண்ணியிருந்தவாறு படித்துக்கொள்ளலாம். ஐந்து மைல் விதியில் மட்டும் மணல் மறையும். பன்னிரண்டிலும் இருநூறிலும் அப்படியே இருக்கும். நாடும் சுருங்காது, படகும் கிடைக்கும். விசாரணை வரும் வியாழன் காலை பத்து மணிக்கு. அன்று இது நடக்காவிட்டால் உரிமம் ரத்து, படகு அரசுடைமை. முப்பது வருடம் துடுப்புப் போட்ட பிறகு தாங்கள் வாங்கிய படகு அது. அதை நம்பி நான்கு பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரியாமல் எழுதவில்லை.

தங்கள் தங்கை இச்செய்தியை என் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்க வேண்டும். மறுநாள் குளிர்பதனப் பெட்டியில், "தப்பு உங்க மேலன்னு சொல்லிட்டு வாங்க" என்று இருந்தது.

இங்கேதான் சிக்கல். அது தவறு அல்ல. நான் எழுதும் ஒவ்வொரு வரையறையிலும் 'அவ்வப்போது திருத்தப்பட்டவாறான' என்ற இரண்டு சொற்களைச் சேர்ப்பவன் நான். எங்கள் திருமண அழைப்பிதழில்கூடச் சேர்க்கப் பார்த்தேன் என்று தாங்களே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அந்த இரண்டு சொற்கள் இருந்திருந்தால் புதிய வரைபடம் தானாகவே பொருந்தி, தாங்கள் இன்று கடலில் இருந்திருப்பீர்கள். இந்த ஒரே ஓர் இடத்தில் அவை ஏன் இல்லை? தாங்கள் கேட்டுக்கொண்டதால். அப்போது தாங்கள் சிறுபடகுக்காரர்களின் தலைவர். விசைப்படகுகள் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் 'மணல் நகர்ந்துபோச்சு' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்த காலம். என் அலுவலகத்துக்கு ஈரச் சட்டையோடு வந்து, என் மேசையில் குத்தி, "இந்தக் கோட்டை நகராம ஆணி அடிச்சு வைங்க மாப்ளே. இவனுங்களுக்கு நழுவ இடமே இருக்கக் கூடாது" என்றீர்கள். அடித்தேன். நன்றாகவே அடித்தேன். இருபத்தாறு ஆண்டுகளாக ஒருவரும் பிடுங்க முடியாத ஆணி. அப்போது தாங்கள் விசைப்படகு வாங்குவீர்கள் என்று தாங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

இதைச் சென்ற வாரம் தொலைபேசியில் நான் நினைவூட்டியபோது தாங்கள் மறுத்தீர்கள். "ஆணி அடிக்கச் சொன்னேன், இல்லேங்கல. ஆனா அதோட இன்னொண்ணும் சொன்னேன். வாயால சொன்னா நீங்க வரையறை கேப்பீங்கன்னு எழுதியே குடுத்தேன். போய்ப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அப்படியொரு தாள் எனக்கு நினைவில் இல்லை. நினைவில் இல்லாதது நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்ததற்குச் சான்று இல்லை என்கிறேன். சான்றுக்காகவே அக்காலக் கோப்பின் நகலை அனுப்பும்படி பிரிவுத் தலைவரைக் கேட்டிருக்கிறேன். ஆணி அடிக்கச் சொன்ன தங்கள் கோரிக்கையை மட்டுமே அது உறுதிப்படுத்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். தெரிந்தே, கேட்டுக்கொண்டபடியே, சரியாகச் செய்த ஒன்றைக் கவனக்குறைவான பிழை என்று நான் பிரமாணம் செய்ய இயலாது. வியாழக்கிழமை என்னை எதிர்பார்க்க வேண்டாம். இதில் அகந்தை இல்லை என்று நம்புகிறேன். முப்பத்தோர் ஆண்டுகளில் ஒரு பிழையும் இல்லை என்று ஓய்வுபெறும் நாளில் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கொடுத்தார்கள். அது கூடத்தில் முக்காலிக்கு நேர் மேலே தொங்குகிறது. சாப்பிடும்போது அதைப் பார்க்காமல் இருக்கவே முயல்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, மச்சான். சரியாக இருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

அண்ணிக்கு என் வணக்கங்களையும், பிள்ளைகளுக்கு ஆசிகளையும், தங்கள் நான்கு ஆட்களுக்கும் என் வருத்தத்தையும் (முன்னுரையில் கூறிய பொருளில்) தெரிவிக்கவும். அலைகள் தங்களுக்கு ஒத்தும் காற்று தங்கள் பக்கமும் இருக்க, தங்கள் குடும்பம் எல்லா நலன்களையும், எல்லை வகுக்கப்படாமல், பெற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்
(சட்ட வரைவாளர், ஓய்வு)

பின்குறிப்பு — செவ்வாய்க்கிழமை:

உறையை ஒட்டி, தபால்பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டும்போது அலுவலகத்திலிருந்து கோப்பின் நகல் வந்தது. தங்களுக்கு எதிரான சான்றை இத்துடன் இணைக்கலாம் என்று உறையைப் பிரித்தேன்.

தங்கள் மனு நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத்தாள். இரண்டே வரி. "கோட்டை ஆணி அடித்தாற்போல் வைக்க வேண்டும். அந்த மணல் தண்ணிக்கு மேல் தெரிகிற வரைக்கும்." இரண்டாவது வரி சிவப்புப் பென்சிலால் அடிக்கப்பட்டிருக்கிறது. பிரிவில் சிவப்புப் பென்சில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஓரத்தில், என் கையெழுத்தில், என் சுருக்கொப்பத்தோடு இருக்கும் குறிப்பை அப்படியே தருகிறேன்: "மிகைச்சொற்கள். நீக்கலாம். மணல் எங்கே போய்விடப் போகிறது?"

கூடத்தில் நின்றபடி மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படிக்கையில் தாள் என் கையில் இல்லை; தங்கள் தங்கையின் கையில் இருந்தது. ஓரக் குறிப்பை அவள் வாய்விட்டுப் படித்தாள். நெடுநேரம் சிரித்தாள். பிறகு, இருபது நாள்களில் முதன்முறையாக என்னைப் பார்த்து, "எங்க அண்ணன் எவ்வளவு ஒழுங்கா எழுதியிருக்கு பாருங்க" என்றாள். வரைவு என்ற அளவில் அதில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை என்று பதிலளித்தேன்.

எனவே மேலே உள்ள பத்திகள் யாவும், நலம் விசாரித்த பகுதியும் அண்ணிக்கு வணக்கமும் நீங்கலாக, திரும்பப் பெறப்படுகின்றன. அவற்றைக் கிழித்துவிட்டுப் புதிதாக எட்டாவது வரைவு எழுதுகிறேன் என்றேன். "ஒண்ணும் வேணாம். அப்படியே அனுப்புங்க. அண்ணனும் கொஞ்சம் சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதன்மேல் ஏறிச் சுவரிலிருந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றத்தான் எனக்கு அது தேவைப்பட்டது; அது போய்விட்டதால் நாற்காலியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு முன்பே துறைமுக அலுவலகத்தில் இருப்பேன். பிரமாணம் செய்யப்போகும் வாசகம் தயார்: "பிழை என்னுடையது." ஏழு முறை சரிபார்த்துவிட்டேன். இதில் சேர்க்கவோ நீக்கவோ எதுவும் இல்லை.